கடைசி ரெக்கார்டின் மறுபக்கம்

அன்று திருமயத்தில் யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், ஊரில் பாதிப் பேர் தெருவுக்கு வந்து, போனது யார் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். திருமயத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டீச்சர். வாரக் கடைசியில் ஆவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போவேன். புதுக்கோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இரண்டிலும் உட்கார இடம் கிடைத்தால் அந்த வாரம் நல்ல வாரம்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ராவுத்தர் டீக்கடை. வாசலில் ஒரு புனல் ஸ்பீக்கர், கோட்டையைப் பார்த்து வாயைத் திறந்தபடி கட்டியிருக்கும். ராவுத்தர் டீ போடுவதில் சுமார்தான், பாட்டுப் போடுவதில் கெட்டிக்காரர். திருச்சிக்கு எந்த ரெக்கார்டு வந்தாலும் மறுவாரம் அது திருமயத்துக்கு வந்துவிடும். அன்று மத்தியானம் வந்து இறங்கியிருந்தது சவேரிமுத்து பேண்டின் புது ஆல்பம். மூன்று ரெக்கார்டு, கெட்டி அட்டைக்குள் புத்தகம் மாதிரி வைத்துக் கட்டியது.

நான் ஒரு பஸ்ஸை விட்டேன். பிறகு இன்னொன்றையும் விட்டேன். கையில் குடையும் கூடையுமாக ஒரு டீச்சர் டீக்கடைக்கு எதிரே நின்று பேண்டு வாத்தியம் கேட்பது அந்தக் காலத்தில் லட்சணமான காரியம் இல்லை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். சவேரிமுத்து பேண்டு என்றால் எனக்கு அப்படி ஒரு பைத்தியம்.

ராவுத்தர் ஒவ்வொரு பக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தார். லேபிளைப் படித்துப் பார்த்துப் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. கடைசி ரெக்கார்டைத் திருப்பி முள்ளை வைத்தார்.

துணி சுற்றிய பெரிய டிரம் ஒரு தடவை அதிர்ந்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஒரு அதிர்வு. அதற்கு மேல் கிளாரினெட் எழுந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எல்லோருக்கும்தான் தெரிந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் கொஞ்சம் வசதியான வீட்டில் யார் தவறினாலும் சவேரிமுத்து பேண்டுதான் வரும். சாதி, மதம் எதுவும் கிடையாது. சாவுக்கென்று அவர்கள் வாசிப்பது இந்த ஒரு பாட்டு மட்டும். இது கேட்டால் தெருவில் ஒரு பிணம் வருகிறது என்று பொருள்.

விசில் ஊதப்போன கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். சலூன்காரர் கத்தியோடு வெளியே வந்தார், அவருக்குப் பின்னால் முகத்தில் பாதி சோப்போடு ஒருவர் வந்தார். பின் தெருப் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தத் தெருவில் ஒரு பெரிய செட்டியார் ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தார். அவர்தான் போய்விட்டார் என்று யாரோ சொல்ல, கூட்டம் அவர் வீட்டுக்கு நடந்தது.

செட்டியார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாராம். பாட்டு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. இத்தனை பேரைப் பார்த்ததும், போனது யாரப்பா என்று விசாரித்துவிட்டு, தானும் ஒரு எட்டு வந்து பார்க்கிறேன் என்று துண்டைத் தேடினாராம்.

அவருடைய மகன் டீக்கடைக்குப் பாய்ந்து வந்தார். ராவுத்தர் பதறிப்போய் முள்ளைத் தூக்கிவிட்டார். எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. டிரம் ஓய்ந்து, அடுத்தது என்ன என்று வருகிற இடம் அது. சரியாக அந்த இடத்தில் தூக்கிவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் கடைக்குப் போய், அதன் மிச்சத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக வையுங்கள் பாய் என்று கேட்டேன். ராவுத்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. நீங்களே இப்பிடிக் கேக்கலாமா?"

அந்த மிச்சத்துக்காக எங்கள் வீட்டில் ஒருத்தி எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தாள். அது ராவுத்தருக்குத் தெரிய வழியில்லை.

நடக்கிற வாத்தியம்

பேண்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியாது.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் உருவான செட் அது. அங்கங்கே தனித்தனியாக வாசித்துக்கொண்டிருந்தவர்களைச் சவேரிமுத்து ஒன்றாகச் சேர்த்தார். அவர் ஒல்லியான மனிதர். போட்டிருக்கும் சிவப்புக் கோட்டு இன்னொருவருக்குத் தைத்ததாக இருக்க வேண்டும், தோள் இரண்டு பக்கமும் தொங்கும். கிளாரினெட்டில் உச்சத்துக்குப் போகும்போது ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். சின்ன வயதில் நான் அதைக் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்திருக்கிறேன், இரண்டு கண்ணும் சேர்ந்தே மூடிக்கொள்ளும்.

மற்ற வாத்தியக்காரர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இவர்களுக்கு உட்கார்ந்து வாசிக்கத் தெரியாது. நின்று வாசிக்கவும் தெரியாது. ஊர்வலத்தில் நடந்து நடந்தே பழகியவர்கள். பெண் வீடு வரும்வரை ஒரு பாட்டு, தேர் நிலைக்கு வரும்வரை ஒரு பாட்டு. ஊர்வலம் நின்றால்தான் பாட்டு நிற்கும். எந்தப் பாட்டுக்கும் அவர்களிடம் தனியாக ஒரு முடிவு கிடையாது.

இப்படிப்பட்டவர்களை ஒரு செட்டிநாட்டுக் கல்யாணத்தில் கேட்டுவிட்டு, மதராஸ் ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் அழைத்துக்கொண்டு போனார். அங்கே மைக் முன்னால் அசையாமல் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு பாட்டும் சேரவில்லையாம். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கிறார்கள். கடைசியில் சவேரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"நின்னா எங்களுக்கு மூச்சு வராதுங்க. நடந்துக்கிட்டே வாசிக்கலாங்களா?"

கம்பெனிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, கீழே ஜமுக்காளம் விரித்து, நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடக்க அனுமதித்தாராம். இதையெல்லாம் பின்னால் ஒரு கல்யாண வீட்டில் சவேரிமுத்துவே என்னிடம் சொன்னார். முடிவில்லாத பாட்டை நேரத்துக்குள் முடிக்க, ஓரமாக நின்ற ஒருவர் கைக்குட்டையைக் காட்டுவாராம். கைக்குட்டையைக் கண்டதும் ஊர்வலம் பெண் வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்களாம்.

அதனால்தான் அந்த ரெக்கார்டுகளில் பாட்டுக்கு அடியில் ஒரு சத்தம் இருக்கிறது. வெறுங்கால்கள் ஜமுக்காளத்தில் பதிகிற சத்தம். எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, பதிவில் பெரிய குறை என்றார். பேண்டே ஒரு சங்கீதமா என்று கேட்கிறவர் அவர், அவரிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு அந்தக் கால் சத்தம்தான் ரெக்கார்டிலேயே பெரிய சொத்து.

அண்ணனின் பெட்டி

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தது என் அண்ணன் அருளப்பன். அவன் கல்யாணத்தில்தான் இந்த பேண்டை முதலில் கேட்டேன். ஆத்தா நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டாள். அய்யாவும் அண்ணனும்தான் என்னை வளர்த்தார்கள். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வருகிறார்கள். பெண் பெயர் ஞானப்பூ. கனத்த பட்டு, தலையில் முக்காடு, தரையைப் பார்த்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தாள். பேண்டு முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சவேரிமுத்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கையைக் காட்டவில்லை, வாசிப்பையும் நிறுத்தவில்லை. பாட்டு மட்டும் மெல்ல மெல்லத் தணிந்து புதுப்பெண்ணின் நடைக்கு வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான், கவனித்தாயா என்று. நான் கவனித்திருந்தேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி.

அண்ணன் பிறகு இலங்கைக்குப் போனான். கண்டிப் பக்கம் ஒரு கடையில் வேலை. ஒரு லீவில் வரும்போது கைப்பிடி சுற்றி வைக்கிற கிராமபோன் பெட்டி ஒன்று கொண்டு வந்தான். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை வெல்வெட், எண்ணெய் வாசனை.

"இந்தப் பெட்டிக்குள்ள ஒருநா நம்ம சவேரிமுத்து வாசிப்பாரு. பாத்துக்கிட்டே இரு" என்றான்.

ஞானப்பூ மதினியும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். கோட்டுத் தோள் தொங்கிய மனிதர் பெட்டிக்குள் எப்படி நுழைவார் என்று கேட்டாள் மதினி.

அதற்கு அடுத்த லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. மஞ்சள் காமாலை. கண்ணில் மஞ்சள் தெரிந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த நாட்கள் அதிகமில்லை. அய்யா ஆளனுப்பி, சவேரிமுத்து பேண்டைத்தான் வரவழைத்தார்.

கொடிமரம் வரை

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். சாவு வீட்டிலிருந்து கோயில் வரை எல்லோரும் போகலாம். கோயிலில் பூசை முடிந்து சவப்பெட்டியை வெளியே எடுத்ததும், பெண்கள் கொடிமரத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆண்கள் மட்டும். கல்லறைத் தோட்டம் கண்மாய்க்கு அந்தப் பக்கம். பெட்டி அங்கே போய்ச் சேரும்வரை கோயில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

பேண்டின் சாவுப் பாட்டும் இரண்டு பாதி. முதல் பாதி வீட்டிலிருந்து கோயில் வரை, பிறகு கோயிலிலிருந்து கல்லறை வாசல் வரை. அது எல்லோருக்கும் தெரியும். கல்லறை வாசலுக்குள் நுழைந்ததும் வேறொன்று வாசிப்பார்கள். அதுதான் இரண்டாம் பாதி. அந்த நேரத்தில் பெண்கள் கொடிமரத்தடியில் இருப்போம். தலைக்கு மேலே மணி அடித்துக்கொண்டிருக்கும். கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது.

அண்ணனை எடுத்த அன்று மதினி அந்த மணியை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. பிறந்த வீட்டில் வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. அய்யாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு எங்களோடு இருந்துவிட்டாள். அழுகை ஓய்ந்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடைசியில் என்ன வாசித்தார்கள்?

ஊர் ஆண்கள் சொன்ன பதில்களைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். ஒருவர், என்னமோ வாசிச்சாங்க என்றார். ஒருவர், கூட்டத்தில் கவனிக்கவில்லை என்றார். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், எதிலும் தனக்கு ஒரு இடம் வேண்டும் என்கிறவர், அதை மட்டும் கேட்காதே, கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும், ஆண்பிள்ளைகளே தாங்க மாட்டோம் என்று கண்ணை உருட்டினார். அய்யாவிடம் அவள் கேட்கவில்லை. மாமனாரிடம் எப்படிக் கேட்பாள்? என்னைக் கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். அய்யா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சித்தப்பா சொன்னது மதினி மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. கொடூரமான ஏதோ ஒன்றை வாசித்து, அதோடு அண்ணனைத் தனியாக அனுப்பிவிட்டார்கள் என்று அவளுக்குள் ஒரு எண்ணம். மழை நாளில் திடீரென்று எழுந்து உட்காருவாள்.

"அவரு எப்பிடிப் போனாருன்னே எனக்குத் தெரியல லூர்து. பாதி வழிதான கூட வந்தேன்" என்பாள்.

ராவுத்தர் முள்ளைத் தூக்கியபோது எனக்கு நெஞ்சு நின்றதன் காரணம் இதுதான்.

ஐந்து பக்கம்

அடுத்த லீவில் திருச்சிக்குப் போய் அந்த ஆல்பத்தை வாங்கி வந்தேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், குழந்தையா என்று எட்டிப் பார்த்தாள்.

அண்ணன் போன பிறகு யாரும் தொடாத பெட்டியை மதினிதான் பரணிலிருந்து இறக்கினாள். துடைத்தாள், எண்ணெய் விட்டாள், கைப்பிடியைச் சுற்றினாள். அது கொஞ்சம் முனகிவிட்டு ஓடத் தொடங்கியது.

முதல் ரெக்கார்டு மாப்பிள்ளை அழைப்பு. இதற்கு முன்பு இந்த பேண்டு ஒரே ஒரு தனி ரெக்கார்டு போட்டிருந்தது. அதில் எல்லோரும் பயந்து பயந்து வாசித்திருப்பார்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளைப் போல. இதில் அந்தப் பயம் துளியும் இல்லை. டிரம்பெட்டுகள் தெருவை அடைத்துக்கொண்டு வருகின்றன, மாப்பிள்ளை காரில் இல்லை, குதிரையில்தான் வருகிறார் என்று நம்பிவிடுவோம். மறுபக்கம் தேர் நடை. மார்போடு பிள்ளையை அணைத்த மாதிரி வைத்து வாசிக்கிற அந்தப் பெரிய பித்தளைக் கொம்பு இருக்கிறதே, அதற்கு இந்த ஒரு பாட்டில்தான் முழு மரியாதை கிடைத்திருக்கிறது. தேர்ச் சக்கரம் ஒரு சுற்று சுற்றி அடுத்த சுற்றுக்கு யோசிக்கிற இடத்தை அது ஒரே ஒரு மூச்சில் காட்டிவிடும்.

இரண்டாவது ரெக்கார்டில் எனக்கு ஒரு குறை உண்டு. அதை மறைத்தால் நான் ரசிகையே இல்லை. முதல் பக்கத்தில் டிரம்பெட்காரருக்கு என்ன அவசரமோ, ஒரு திருப்பத்தில் மற்றவர்களை விட்டுவிட்டு முன்னால் போய்விடுகிறார். ஆனால் சவேரிமுத்து அவரைத் துரத்தவில்லை. தன் பாட்டைக் கொஞ்சம் நீட்டி, வா அப்பா என்று காத்திருந்து சேர்த்துக்கொள்கிறார். குறையைக்கூட இப்படிக் கேட்க வைக்கிறவர்கள் எத்தனை பேர்? மறுபக்கம் சாமியார் வரவேற்பு, ஊருக்குப் பாதிரியார் வரும்போது வாசிப்பது. அது கொஞ்சம் விறைப்பு. சாமியார்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

மூன்றாவது ரெக்கார்டின் முன்பக்கத்தில் புதுப்பெண் நடை என்று போட்டிருந்தது. முள்ளை வைத்த கொஞ்ச நேரத்தில் மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வேகமாகத் தொடங்கி, மெல்ல மெல்லத் தணிந்து, பட்டுச் சேலைக்குள் தடுக்கித் தடுக்கி வருகிற ஒருத்தியின் நடைக்கு அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது அது. எத்தனை கல்யாணத்துக்குப் பிறகும் சவேரிமுத்து அதை மறக்காமல் மதராஸ் வரை கொண்டுபோயிருக்கிறார். எல்லாப் பெண்ணுக்கும் அவர் அப்படித்தான் வாசித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

அய்யா வெளியே உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஐந்து பக்கம் முடியும்வரை அந்தக் கயிறு ஒரு முழம்கூட வளரவில்லை.

மாட்டுக்கொட்டகையில் ஒரு ரெக்கார்டு

ஆறாவது பக்கத்தைத் திருப்பியபோது அய்யா உள்ளே வந்துவிட்டார். திருமயத்துக் கதையை நான்தான் முன்பே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தேன்.

பிணம் இல்லாத வீட்டில் அந்தப் பாட்டு வாசித்தால், பிணத்தைத் தேடிக்கொள்ளும் என்பது ஊரில் எல்லோரும் நம்பியது. அய்யா அதற்கு மேலேயும் போனார். அந்த ரெக்கார்டு வீட்டுக்குள் இருக்கவே கூடாது என்றார். முன்பக்கத்தில் புதுப்பெண் நடை இருக்கிறதே என்றேன். அதைக் கேட்கும்போது கொண்டு வா, கேட்டதும் கொண்டு போ என்றார். அந்தப் பக்கத்தின் மேல் காகிதம் ஒட்டிவிடலாமா என்றுகூட யோசனை கேட்டார். நான் கும்பிட்டுத் தடுத்தேன்.

ஆக, மூன்றாவது ரெக்கார்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் வைக்கோலுக்கு நடுவே குடியிருந்தது. மதினி புதுப்பெண் நடை கேட்க ஆசைப்படும்போதெல்லாம் நான் ஏணி வைத்து ஏற வேண்டும்.

சாவுப் பாட்டை ஆல்பத்தில் சேர்த்த தவறைச் செய்தது மதராஸ் கம்பெனிக்காரர். ஆறாவது பக்கத்துக்குப் பாட்டு இல்லாமல், இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். எங்களிடம் இருப்பதிலேயே நல்லது ஒன்று உண்டு, ஆனால் அதை யாரும் வீட்டில் வைக்க முடியாது என்று சவேரிமுத்து சொல்லியிருக்கிறார். நல்லது என்றது வரைதான் கம்பெனிக்காரருக்குப் புரிந்தது. லேபிளில் 'கல்லறை வழி' என்று அச்சடித்துவிட்டார்.

பரணில் இருப்பது மதினிக்குத் தெரியும். தனியாக எடுத்துக் கேட்டிருக்கலாம், அய்யா வயலுக்குப் போகிற நேரம் எவ்வளவோ இருந்தது. மாமனார் சொல்லை மீறி அவள் எதுவும் செய்ததில்லை. அதோடு, கேட்கவும் பயம். சித்தப்பா சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்?

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிய ஒரு நாள், மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"வீட்லதான வைக்கக் கூடாது. கல்லறைத் திருநாளன்னிக்கு அங்கிட்டே கொண்டு போயிருவோமா?"

குடைக்குக் கீழே

வருஷத்தில் ஒரு நாள், இறந்தவர்களை நினைக்கிற திருநாளன்று, எங்கள் ஊரில் பெண்களும் கல்லறைக்குப் போவோம். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுவோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போவார்.

சாமியாரிடம் நான் முதல் நாளே கேட்டேன். மந்திரிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நான் இருக்க வேண்டியதில்லை என்றார். அய்யாவிடமும் சொன்னேன். அவர் தடுக்கவில்லை.

அன்று மழை விட்டிருந்தது. மண்ணும் மெழுகும் சாமந்தியும் கலந்த வாசனை. பெட்டியை மதினியே தலையில் சுமந்து வந்தாள். கண்மாய்க் கரையில் கால் வழுக்கியது, என்னிடம் கொடு என்றேன், கொடுக்கவில்லை. அண்ணன் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு அதன் மேல் பெட்டியை வைத்தோம். தூறல் விழுந்தால் என்று நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

டிரம் அதிர்ந்ததும் தோட்டத்தில் இருந்த எல்லோரும் திரும்பிவிட்டார்கள். சித்தப்பா வேகமாக வந்தார். இன்றைக்கு இங்கே இதை வைப்பதில் என்ன தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசல் பக்கம் போய் மற்ற ஆண்களோடு நின்றுகொண்டார். அய்யாவும் அங்கேதான் நின்றார்.

முதல் பாதி எங்களுக்குத் தெரிந்தது. ஓர் அடி, ஒரு நிறுத்தம், ஓர் அடி. ஜமுக்காளத்தில் அந்த வெறுங்கால்கள் ஒன்றாக நடந்தன. மதினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

பிறகு டிரம் நின்றது. கால் சத்தமும் நின்றது.

நடந்தால்தான் மூச்சு வரும் என்று சொன்ன அந்த மனிதர்கள் அந்த ஒரு பாட்டில், அந்த ஓர் இடத்தில் நின்றுவிட்டார்கள். டிரம்பெட் இல்லை. கிளாரினெட்டும் அந்தப் பெரிய கொம்பும் மட்டும். கிளாரினெட் உச்சத்துக்கே போகவில்லை, சவேரிமுத்து கண்ணை மூடியிருக்க மாட்டார். பக்கத்தில் படுத்திருப்பவர் விழித்துவிடக் கூடாது என்று ஒருவர் மெதுவாகப் பேசுவாரே, அப்படி ஒரு வாசிப்பு. அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. கொம்பு கீழே இருந்து ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தது. நான் அதுவரை கேட்டதிலும் அதற்குப் பிறகு கேட்டதிலும் அதைவிட அழகான ஒன்று இல்லை. அது அப்படியே தேய்ந்து முள்ளின் சரசரப்பில் முடிந்தது.

மதினி கண்ணைத் திறந்தாள். அண்ணன் கல்லறையைப் பார்த்தாள். ஏற்றிய மெழுகுவத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இதுதானா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையே லூர்து. நல்லாத்தான் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அப்பச் சரி" என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவள் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

நிமிர்ந்து பார்த்தால், எங்களைச் சுற்றி ஊர்ப் பெண்கள் நின்றிருந்தார்கள். கையில் மெழுகோடும் பூவோடும். அவர்களில் யாரும் இந்தப் பாதியைக் கேட்டதில்லை. புருஷனைக் கொடுத்தவள், மகளைக் கொடுத்தவள், எல்லோரும் கொடிமரத்தோடு நின்றவர்கள். மேலத் தெரு அந்தோணியம்மா என்பவள் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வீட்டு ஆளுக்கும் இதத்தான வாசிச்சிருப்பாங்க? பெட்டிய அங்கிட்டு ஒருக்காக் கொண்டாரீங்களா?"

கொண்டு போனோம். அவள் புருஷன் கல்லறைப் பக்கம் வைத்தோம். பிறகு இன்னொருத்தி கூப்பிட்டாள். மதினி கைப்பிடி சுற்றினாள், நான் முள்ளை மாற்றினேன், குடையை யார் யாரோ பிடித்தார்கள். ஒவ்வொரு கல்லறையாகச் சுற்றி வந்தோம். டிரம் பகுதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் வைக்கச் சொன்னாள் ஒருத்தி. வேண்டாம், முழுசாக வரட்டும், வழியெல்லாம் கூடப் போன மாதிரி இருக்கட்டும் என்றாள் இன்னொருத்தி. முழுசாகவே வைத்தோம்.

இன்றும் அந்த ஆல்பம் என்னிடம் இருக்கிறது. ஐந்து பக்கம் கறுப்பாக மின்னுகிறது. ஆறாவது பக்கம் முள் ஓடி ஓடித் தேய்ந்து வெளுத்துப்போய்க் கிடக்கிறது.

அன்று பெட்டியை மூடப்போன நேரத்தில் அய்யா வந்தார். வாசலில் நின்றிருந்தவர், கல்லறைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்ணன் கல்லறை ஓரத்தில் ஈர மண்ணில் விரித்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, மதினியிடம்தான் சொன்னார்.

"தாயி, எனக்கும் ஒருக்கா வையி. அன்னைக்குத் தோள்ல அவன் கனந்தான் தெரிஞ்சுச்சு. பாட்டு ஒண்ணும் காதுல விழல."

மதினி பெட்டியைத் தூக்கி வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். கைப்பிடியைச் சுற்றிவிட்டு, சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வெலகிக்குங்க. மாமா கேக்கட்டும்" என்றாள்.

பெண்கள் விலகி நின்றார்கள்.